பூசையில் வைத்த டிரம்போன்

சரஸ்வதி பூசை என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். எட்டு வயதில் நான் முதலில் கொண்டுபோய் வைத்தது கணக்குப் புத்தகத்தைத்தான்.

அந்த வருடம் எதிர்வீட்டு அக்காவும் ஒரு பொருள் வைத்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து நாங்கள் குடியேறிய வோபர்னில், எங்கள் அடுக்குமாடியில் நேரெதிரே இருந்த கறுப்பினக் குடும்பத்தின் ஒரே மகள் அவள். பள்ளிக்கூடம் விட்டதும் என்னைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். அவளுடைய தாயும் தகப்பனும் அமெரிக்காவின் தெற்கே, கறுப்பினப் பிள்ளைகளுக்கு மற்றக் கதவுகள் பூட்டியிருந்த காலத்தில் அவர்களுக்கென்றே தொடங்கிய கல்லூரியில் படித்தவர்கள். அங்கே பாண்டு வாத்தியக் குழுவில் பழகித்தான் கலியாணமும் கட்டினார்கள். அக்காவும் அங்கேதான் போவேன் என்று நின்றாள். பாண்டில் எடுபட்டால் உதவிப்பணம் கிடைக்கும். இல்லையென்றால் போக வழியில்லை. வாசித்துக் காட்டும் வீடியோவைப் பூசையன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

சோதனை என்று கேள்விப்பட்டதும் அம்மா விடுவாரா? அக்காவின் தகப்பன் அவளுக்குக் கொடுத்திருந்த டிரம்போன் என்ற பழைய ஊதுகுழலை அவளிடம் வாங்கி, அதன் அகன்ற வாயில் சந்தனமும் குங்குமமும் வைத்து, என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சாத்திவிட்டார். அக்காவுக்கு ஒரே சந்தோசம். பூசை முடிந்ததும் அவள் கையை நீட்டியபோதுதான் சட்டம் வெளியே வந்தது.

அப்பா டிரம்போனைக் காட்டி அம்மாவிடம் கெஞ்சினார். "இஞ்சரும், உதை எடுத்துக் குடும். பிள்ளையின்ர படிப்பெல்லோ!"

"படிப்பெண்டபடியால்தான் வைச்சிருக்கு. நாளைக்குக் காலமை எடுக்கட்டும்," என்றார் அம்மா.

அக்காவின் கண் கலங்கியது. அதைக் கண்டு அம்மாவுக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் சரஸ்வதியோடு யார் பேரம் பேசுவது? பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்னொரு பிடி சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டார். புகை கூரையைத் தொட்டது. கட்டடம் முழுக்க அபாயமணி அலறியது.

எங்கள் வீட்டுக் கதவோரம் எப்போதும் ஒரு பை தயாராக இருக்கும். பாஸ்போர்ட், நகை எல்லாம் அதற்குள். மணி கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அம்மாவின் இன்னொரு சட்டம். அன்றைக்குக் கீழே கார் தரிப்பிடத்தில் வந்து நின்று பார்த்தால், அம்மாவின் கையில் பை இல்லை. சேலைத் தலைப்பால் போர்த்தி, டிரம்போனைக் கொண்டுவந்திருந்தார்.

அம்மா அதைப் பார்த்தார். அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"அவவே வெளியில கொண்டுவந்திட்டா. ஊது பிள்ளை!" என்றார் அம்மா. 'அவ' என்றது சரஸ்வதியை.

அக்காவின் தகப்பன் போனில் வீடியோ எடுத்தார். கட்டடமே செருப்பும் போர்வையுமாகச் சுற்றி நிற்க, குங்குமம் கலையாத அந்தக் குழலால் அக்கா கல்லூரிப் பாட்டை ஊதினாள். என்ன ஊதல்! அவளுடைய தாய் நெஞ்சில் கைவைத்துப் பாடினார். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள்கூட எங்களைத் திட்ட மறந்து கைதட்டினார்கள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அக்கா எடுபட்டாள். அடுத்த கோடையில் தாயின் பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். "போட்டு வா பிள்ளை," என்று அம்மா பொட்டு வைத்து வழியனுப்பிவிட்டு, அவளுடைய தாயிடம் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: நீங்கள் படித்த வகுப்பறை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, அதே கட்டடம்தான் என்றார் அவர்.

அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், பிறகு குண்டு விழுந்துபோன ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு கட்டடம் இடியாமல் இருக்கிறது என்பதற்குப் போய் யாராவது அழுவார்களா என்றுதான் அன்று யோசித்தேன்.