சுக்குமல்லிக் காப்பியில் ஜின்செங்

சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் எதையாவது கலந்துகொடுத்தால் எங்கள் பக்கத்தில் 'மருந்து வச்சுட்டாங்க' என்பார்கள். கட்டின புருசனை மயக்க வைப்பதுண்டு, சொத்துக்காக வைப்பதுண்டு என்று கதை கதையாகச் சொல்வார்கள். நான் என் மனைவிக்கு வைத்தேன். தினமும் காலையில், என் கையாலேயே, இரண்டு மாதம்.

அந்தச் சரக்கைக் கொண்டுவந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன், லீவில் சொந்த ஊரான தா.பழூருக்கு வந்த கையோடு குரும்பலூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தான். அக்கா அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்புப் பெட்டியை என் மடியில் வைத்தான்.

"ஜின்செங்கு மாமா. அங்க பெரிய பெரிய மொதலாளியெல்லாம் இதான் சாப்புடுறாங்க. நம்மூரு அமுக்கராக் கெழங்கு மாரிதான். இருவது வயசு கொறஞ்சுடும்" என்று கண்ணடித்தான்.

திறந்து பார்த்தால் கை கால் முளைத்த காய்ந்த முள்ளங்கிபோல வேர்கள். எனக்கு வயது ஐம்பத்தேழு. ஆசை யாரை விட்டது? கமுக்கமாக இடித்துப் பொடியாக்கி ஒரு வாரம் பாலில் போட்டுக் குடித்தேன். வயது குறையவில்லை, தூக்கம்தான் குறைந்தது. கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து எங்கள் பாத்திரக்கடை அண்டாக்களையெல்லாம் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். போதும் சாமி என்று நிறுத்திவிட்டேன். பொடி மிச்சம் இருந்தது.

அந்தச் சமயத்தில் என் மனைவி பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருந்தாள். திருச்சியில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறைந்து அதில் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று தினமும் ஒரு மாத்திரை. அளவு சரியாக இருக்கிறதா என்று பெரம்பலூரில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. உடம்பு தேறிவிட்டது, ஆனால் ஆள் அடங்கிப்போய்விட்டாள். இருபத்தெட்டு வருடமாக மூன்று வேளையும் அவளிடம் திட்டு வாங்கியவன் நான். வீடு சத்தமில்லாமல் கிடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. தெம்புக்கு எதைக் கொடுத்தாலும் "டாக்டரம்மாவக் கேக்காம எதுவும் வேணாங்க" என்று ஒதுக்கிவிடுவாள். அதனால்தான் சுக்குமல்லிக் காப்பி போடும் வேலையை நானே வலிய எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த பொடியில் ஒரு கரண்டியை அதில் கலந்தேன்; சுக்கின் காரத்தில் எந்தக் கசப்பும் தெரியாது.

பதினைந்தாம் நாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். ஆகா, வேர் வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். நாளாக நாளாகத் தானாகவே வரவேண்டிய தெம்பு அது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில், ரத்தம் எவ்வளவு உறையாமல் ஓடுகிறது என்று காட்டும் எண் இறங்கியிருந்தது. மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். டாக்டரம்மா கேட்டார், "வேற மருந்து ஏதாச்சும் எடுக்குறீங்களா?"

"இல்லங்க டாக்டர்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, ஊசி, டானிக். வேரையும் கசாயத்தையும் யார் டாக்டரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

"கீரை அதிகமா சாப்புடுறீங்களாம்மா? கீரை கூடுனா இந்த மாத்திரையோட வேலை கொறைஞ்சுடும். சாப்புடலாம், ஆனா அளவு கூடக் கொறைய மாறக்கூடாது."

"முருங்கைக்கீரைன்னா உசுர விடுவா டாக்டர். சொன்னா கேக்க மாட்டா" என்று போட்டுக்கொடுத்தேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

அன்றோடு வீட்டில் கீரைக்குத் தடை. கீரைக்காரம்மாவை எங்கள் தெருப் பக்கமே வரவேண்டாம் என்றேன். மாத்திரையையும் கூட்டினார்கள். அப்படியும் அடுத்த தடவை எண் ஏறவில்லை. "இப்புடியே போனா வால்வுல ரத்தம் கட்டிக்கும்மா. அது மூளைக்குப் போனா கை கால் இழுத்துக்கும், உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்ட பயத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், இன்னும் தெம்பு வேண்டும் என்று ஒரு கரண்டிப் பொடியை இரண்டாக்கினேன்.

அவளுக்கோ ரோஷம். தின்னாத கீரைக்கு எத்தனை நாள்தான் பேச்சு வாங்குவாள்? ஒரு நோட்டில் வாயில் போட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினாள். அடுத்த முறை அதை டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்து, "கீரைங்குற பேச்சு எங்கயாச்சும் இருக்கான்னு நீங்களே பாருங்க" என்றாள்.

டாக்டரம்மா விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு நாளும் முதல் வரி ஒன்றேதான்: காலையில் சுக்குமல்லிக் காப்பி, அவங்க போட்டது.

"இதுல என்னல்லாம் போடுறீங்க சார்?"

"சுக்கு, மல்லி, மெளகு, பனவெல்லம்..."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வேரு டாக்டர். ஜின்செங்கு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அது வெசம்னு நான் சொல்லல. நல்லா இருக்குறவங்க கொஞ்ச நாள் சாப்புட்டா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, தூக்கம் கெடும், தலை வலிக்கும், அவ்வளவுதான். சுகர் மாத்திர போடுறவங்களுக்கு சுகர் ரொம்ப எறங்கிடலாம். இவங்க போடுற மாத்திரையோட வேலைய அது கொறைச்சுடலாம். நீங்க ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்கியிருக்கீங்க சார். இப்ப அத நிறுத்துனா, கூட்டுன மாத்திரையால ரத்தம் கசியவும் வாய்ப்பிருக்கு. அதனால மாத்திரையக் கொறைக்குறேன், அஞ்சாம் நாள் திரும்ப டெஸ்ட்டுக்கு வாங்க."

அந்த ஐந்து நாளும் அவள் பல் துலக்கினால்கூட ரத்தம் வருகிறதா என்று பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் எண் சரியான இடத்துக்கு வந்திருந்தது. குரும்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம் மெதுவாக, "நீ தெம்பா இருக்கணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் போய்ச் சேந்துருந்தா, கீரையத் தின்னே செத்தான்னுதானங்க ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே, வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பேன்.