சந்தனம் பூசிய வெல்டிங் மெஷின்

ஆயுத பூசைக்கு மறுநாள், எங்கள் சொந்த மெஷினுக்கு முதல் வேலை வந்தது. ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய்க்குப் போகும் செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரின் கொக்கி முறிந்துவிட்டது. பற்றவைப்பவள் நான். லோரி ஓட்டுவது கணவர். மற்ற நேரமெல்லாம் சாமி கும்பிடுவார். ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இதில் சொதப்பினால் மறுபடி அந்த கேட்டில் போய்த்தான் நிற்க வேண்டும்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டவுன் வெல்டருக்கும் சொல்லியிருக்கிறாராம். அவர் வருவதற்குள் முடித்தால் வேலை எங்களுக்கு.

மெஷினின் எஞ்சின் ஜம்மென்று ஓடியது. வெல்டிங் குச்சியை வைத்தாலோ, நெருப்புப் பிடிக்காமல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. கரண்டைக் கூட்டினேன், அதே கதை. எஞ்சின் வேகத்திலும் குறையில்லை. எர்த் கிளிப் கவ்விய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினேன். சுருண்டு கிடந்த கேபிளை நீட்டிப் போட்டேன். ம்ஹூம். எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பயம் முற்றினால் நான் அப்படித்தான்.

அப்போது பார்த்துக் கோயில் வாசனை அடித்தது. செம்பனைக் காட்டில், டீசல் புகைக்கு நடுவே, கமகமவென்று சந்தனம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, மெஷினில் கேபிள் மாட்டும் முனைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கையைச் சுட்டது. நட்டைக் கழற்றினால், கேபிள் நுனிக்கு அடியில் சந்தனம் அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது.

"என்னங்க, இங்கயுமா பூசுனீங்க?"

"பூசைக்குக் கழுவுறப்ப கேபிள கழட்டினேன் லா. எல்லா எடத்துலயும் பூசிட்டு அத மட்டும் சும்மா விட மனசு வரல. பூசிட்டுத்தான் மாட்டினேன்."

"அதான் கரண்டு வர வழியில்லாம நிக்குது."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கா, சாமிக்கா, தெரியவில்லை. இரண்டு முனைகளையும் மணல்தாளால் பளபளவென்று தேய்த்து, நட்டை இறுக்கினேன். குச்சியை வைத்ததும் தாளிப்பு மாதிரி சடசடவென்று பிடித்தது பாருங்கள், எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. ஆடிக்கொண்டே பற்றவைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஆறியதும் மண்டோர் கொக்கிமேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். குலைகளை ஏற்றி, டிராக்டரை இழுக்கச் சொன்னார். டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி மேடேறிப் போனது. அது வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"அண்ணே, எங்க வந்துட்டீங்க? திரும்பிடுங்க லா. இல்லண்ணே, இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே நம்ம தோட்டத்துக்கு வெல்டர் இருக்காங்க."

பற்றவைக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஆனாலும் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு, உள்ளே நன்றாக அழுதேன்.