வெள்ளிக்கிழமையே திறந்த கண்காட்சி

அறுபதுகளில் நான் ஒரு சென்னை நாளிதழுக்குக் கடலூரில் பகுதிநேர நிருபராக இருந்தேன். வீடு மஞ்சக்குப்பத்தில். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி மூன்றும் நடக்கும் தூரம். சிதம்பரம் பல்கலைக்கழகத்துச் செய்திகளும் என் பொறுப்புதான். அங்கே நூலகத்தை ஒட்டிய நீளமான கூடம் ஒன்றை ஓவியக் கூடமாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் அந்த ஆண்டு முழுவதற்குமான நிகழ்ச்சி நிரலை ஒரு மடிப்பு அட்டையில் அச்சடித்து அனுப்புவார்கள். முதலில் மாணவர் ஓவியங்கள், பிறகு புகைப்படங்கள், பொங்கல் கழிந்ததும் வட்டார ஓவியர் ஒருவரின் தனிக் கண்காட்சி, பரீட்சைக்கு முன்னால் சென்னையிலிருந்து நவீன ஓவியங்கள். திறந்து வைப்பவர் யார், தலைமை யார், நன்றியுரை யார் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். படங்களைப் பற்றித் தலைப்புகள் மட்டும் இருக்கும்.

எனக்கு அந்தத் தலைப்புகளே போதும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாக்கள் எப்போதும் மாலை ஐந்து மணிக்கு. செய்தி மறுநாள் பத்திரிகையில் வர வேண்டுமானால், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பகல் வண்டி கார்டின் கையில் கவரைக் கொடுத்தாக வேண்டும். எழும்பூரில் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். தந்தி என்பது கொலைக்கும் புயலுக்கும் மந்திரிக்கும் மட்டும். விழா முடிந்து நிதானமாக எழுதி அனுப்பினால் உதவி ஆசிரியர், "நேத்து ஏத்துன குத்துவிளக்குக்கு இன்னிக்கு என்னய்யா செய்தி?" என்பார், போட மாட்டார். ஆகவே காலை பத்து மணிக்கு அட்டையைப் பார்த்து, "நேற்று மாலை நடைபெற்றது" என்று எழுதி வண்டியேற்றிவிட்டு, அதன் பிறகு பஸ் பிடித்து விழாவுக்குப் போவேன். எனக்குத் தெரிந்த நிருபர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் செய்தார்கள். செய்தியின் கடைசியில் நிரந்தரமாக ஒரு வாக்கியம் உண்டு: "ஓவியங்கள் உயிரோட்டத்துடன் அமைந்திருப்பதாக அவர் பாராட்டினார்." ஐந்து வருஷத்தில் அதை எத்தனையோ பேர் வாயில் வைத்திருக்கிறேன். ஒருவரும் மறுத்து எழுதியதில்லை. பாராட்டியதாகப் போட்டால் யார் மறுப்பார்கள்?

அந்த ஆண்டு வட்டார ஓவியராக அட்டையில் வந்தவர் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். தேவனாம்பட்டினத்துக்காரர். அவர் வீட்டில் மற்ற ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். கண்காட்சிக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கதவளவு பெரிய படம் ஒன்றைப் பழைய பாய்மரத் துணியில் சுற்றி, சிதம்பரம் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று கயிறு போட்டது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கட்டுமரம் கட்டுகிற அதே முடிச்சு.

கண்டக்டர் கீழேயிருந்து, "இன்னா சார் இது, கதவா? சிதம்பரத்துல கதவு கெடைக்காதா?" என்றார்.

மேலேயிருந்து மச்சான், "கதவு இல்ல கண்டக்டரே, நானு. உள்ள நான்தான் நிக்கிறேன். எனக்கு ஒரு டிக்கெட் ஜாஸ்தியா போட்டுக்க" என்றார்.

"மச்சான், வாயக் குடுக்காம கட்டுறியா?" என்றார் மாஸ்டர்.

"கட்டுறேன் மச்சான். மூக்கத்தான் கோணலா போட்டுட்ட. ஒடம்பாவது நேரா போய்ச் சேரட்டும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைத் தள்ளி அழைத்துப்போய்ப் பேசினார். திறக்க வரும் சென்னை ஓவியர் வெறுமனே திறந்து வைக்க வரவில்லை. கோடையில் சென்னையில் நடக்கப்போகும் ஒரு பெரிய கண்காட்சிக்காக மாவட்டங்களிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். நாற்பது வயது நிறையாதவர்களின் படங்கள் மட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மாஸ்டர் இதே படத்தைப் புகைப்படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். கறுப்பு வெள்ளையில் எதையும் தீர்மானிக்க முடியவில்லை, நேரில் பார்க்க வாய்ப்பு வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"ஆனியில எனக்கு நாப்பது முடியுது சார். இதான் கடைசி. அவரு கண்ணால ஒருவாட்டி பாத்தா போதும். எடுத்தா எடுக்கட்டும், இல்லன்னா போவட்டும். நீங்களும் பாத்துட்டு எழுதுங்க சார்."

"வருவேன்" என்றேன். அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன். மாஸ்டருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அன்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். "'மீன் ஏலம்' என்ற பெரிய ஓவியத்தைச் சிறப்பாகக் குறிப்பிட்ட அவர், கடலோர மக்களின் வாழ்க்கை அதில் உயிரோட்டத்துடன் அமைந்திருப்பதாகப் பாராட்டினார்." கவரை ஒட்டினேன், கார்டிடம் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. குத்துவிளக்கு துடைத்து வைத்திருந்தது, திரி போடவில்லை. கூடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் கையில் ஒரு தந்தியுடன் வாசலில் நின்றார். சென்னை ஓவியருக்குக் காய்ச்சல். புதன்கிழமை வருகிறார்.

"புதன்கிழமையே திறந்துக்கலாம்" என்றார் விரிவுரையாளர். "பத்து நாள் கண்காட்சிதானே. அஞ்சு நாள் கொறஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

"புதனா இருந்தா என்னா சார், வர்றாருல்ல" என்றார் மாஸ்டர். அவருக்கு ஏமாற்றம்கூட இல்லை. நான் இருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் தபாலாபீசுக்கு ஓடினேன்.

டிரங்க் கால் பதிவு செய்தேன். அர்ஜென்ட் என்று சொன்னேன். அங்கிருந்த பெஞ்சில் காத்திருந்தேன். விழுப்புரம் வரை லைன் கிடைத்தது, பிறகு அறுந்தது. மறுபடி கிடைத்தபோது எட்டு மணி. மறுமுனையில் உதவி ஆசிரியர்.

"சிதம்பரம் ஓவியச் செய்தியை எடுத்துடுங்க சார். விழா நடக்கல."

"நடக்காத விழாவுக்கா பாராட்டெல்லாம் எழுதி அனுப்புன?"

"எப்பவும் அனுப்புற மாதிரிதான் சார்."

"அந்தப் பக்கம் அச்சுக்குப் போயாச்சுய்யா."

"அப்ப நாளைக்கு ஒரு திருத்தம் போடுங்க."

"திருத்தமா? மந்திரி பேசினத மாத்திப் போட்டமா, இல்ல செத்தவரு எண்ணிக்க தப்பா? படக் கண்காட்சி. எவன் பாக்கப் போறான்? வை போனை."

சனிக்கிழமை செய்தி வந்தது. ஒரு வார்த்தை வெட்டப்படாமல் வந்தது. என் செய்திகள் அப்படி முழுசாக வருவது அபூர்வம்.

புதன்கிழமை முன்கூட்டி எதுவும் எழுதாமல் சிதம்பரம் போனேன். கூடத்து வாசலில் மாஸ்டர் சலவைச் சட்டையில் நின்றார். மச்சானும் வந்திருந்தார், தன்னைப் பார்க்க. விரிவுரையாளர் என்னை ஓரமாக அழைத்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சென்னை ஓவியர் எழுதியது. தான் வெள்ளிக்கிழமை சிதம்பரம் வந்து, கண்காட்சியைத் திறந்து, ஓர் ஓவியத்தைப் பாராட்டியும் இருப்பதாகப் பத்திரிகை மூலம் அறிந்துகொண்டதாகவும், அன்று தான் காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், திறந்த கண்காட்சியை மறுபடி திறக்க வருவதற்கில்லை என்றும் எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தேர்வு நடக்கவிருக்கும் நேரத்தில் ஒரு குறிப்பிட்ட படத்தின் பெயரைச் சொல்லித் தான் பாராட்டியதாகச் செய்தி வரச் செய்தது முறையற்றது. ஆகவே அந்தப் படத்தைப் பரிசீலிப்பதற்கில்லை. கடிதம் அப்படி முடிந்தது.

செய்தி வரச் செய்தது மாஸ்டர் என்று அவர் நினைத்துவிட்டார். உதவிக்கென்று நான் சேர்த்த அந்த ஒரு வரி.

"இது என் தப்பு. நான் அவருக்கு எழுதுறேன்" என்றேன்.

"எழுதுங்க" என்றார் விரிவுரையாளர். "தேர்வுப் பட்டியல் நாளைக்கு முடியுதாம். இங்க வந்துட்டுப் போய்த்தான் கையெழுத்துப் போடுறதா இருந்தாரு."

துறைத்தலைவர் ஒருவரை அழைத்து வந்து வாசலிலேயே விளக்கேற்றினார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. மாஸ்டரிடம் விரிவுரையாளர் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். அது என் செய்தி.

"படத்துல எத்தன பேரு சார் இருக்காங்க?"

நான் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன்.

"கடல் மேல இருக்கா, கீழ இருக்கா?"

அவர் காகிதத்தை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மச்சான் மட்டும் நின்றார். கோபமாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

"ஏன் சார், பாக்காமலே இவ்ளோ நல்லா எழுதுறீங்களே, பாத்திருந்தா இன்னா எழுதியிருப்பீங்க?"

உள்ளே போனேன், மச்சானும் பின்னால் வந்தார். சாக்குத் துணி அடித்த பலகையில், கூடத்தின் கடைசியில் படம் மாட்டியிருந்தது. பதினொரு பேர். ஏலம் விடுகிறவரின் முதுகுதான் தெரிகிறது; அவர் முகம் படத்தில் இல்லை. நடுவில் ஓர் ஆள் வஞ்சிரம் மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் மீனைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் கூடையோடு நிற்கும் ஒரு பெண் மட்டும் ஏலத்துக்கு முதுகைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். அவளால் அந்த மீனை வாங்க முடியாது என்று அந்த முகத்தில் தெரிகிறது. கடல் மேலேதான் இருக்கிறது, இரண்டு விரல் அகலத்துக்கு. நீலமில்லை. கெடிலம் ஆறு வந்து கலக்கும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கு இருக்கும் நிறம், சேற்றுக்கும் பச்சைக்கும் இடையில். மணலுக்கும் அதே நிறத்தில் கொஞ்சம் வெளுப்பு. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று சென்னை ஓவியர் எழுதியது சரி.

மீனைத் தூக்கிப் பிடித்திருந்தவரின் மூக்கு கோணலாக இருந்தது. திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் மூக்கும் கோணல்தான்.

சிதம்பரம் தபாலாபீசிலேயே உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதித் தந்தி கொடுத்தேன். வியாழக்கிழமை பத்திரிகையில் இல்லை. வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை போன் செய்தேன்.

"அதத்தான் போன வெள்ளிக்கிழமையே திறந்துட்டமேய்யா" என்றார் உதவி ஆசிரியர்.

சென்னை ஓவியருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. விளக்கத்துக்கு நன்றி, தேர்வு முடிந்துவிட்டது.

படம் அதே பாய்மரத் துணியில், அதே பஸ் கூரையில் தேவனாம்பட்டினம் திரும்பியது. மாஸ்டரை மஞ்சக்குப்பத்தில் அவ்வப்போது பார்ப்பேன். சைக்கிளிலிருந்து இறங்கி, மழை, பரீட்சை என்று இரண்டு வார்த்தை பேசுவார். மரியாதையில் குறை வைத்ததில்லை. ஜூலையில் பல்கலைக்கழகத்தின் புது அட்டை வந்தபோது, சென்னைக் கண்காட்சிக்கு அடுத்த வருஷம் வேறு தேர்வாளராமே, அவருக்கு நான் எழுதட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"நாப்பது முடிஞ்சிடுச்சு சார்" என்றார். சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

அந்த அட்டையின் முதல் கண்காட்சிக்கு மறுபடி காலையில்தான் எழுதினேன். பகல் வண்டி நேரம் மாறவில்லை. திறந்து வைப்பவர், தலைமை, நன்றியுரை எல்லாம் எழுதினேன். பாராட்டு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் பத்திரிகையைப் பிரித்தேன். கடைசி வரியில், ஓவியங்கள் உயிரோட்டத்துடன் அமைந்திருப்பதாக அவர் பாராட்டியிருந்தார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து உதவி ஆசிரியரே சேர்த்திருக்கிறார்.