இடது கண்ணாடியில் காணாமல் போன உங்கள் அம்மா

நம் காருக்குச் சின்னக் கண்ணாடி ஒட்டிய கதையில் உங்கள் இருவருக்கும் பாதிதான் தெரியும். நான் அசடு வழிந்த பாதி. வாசலில் நன்றாகச் சிரித்தீர்கள். மீதிப் பாதியிலும் அசடுதான் என்றாலும், நாளைக்கு நீங்கள் ஒரு வண்டி வாங்கினால் உதவுகிற சங்கதி கொஞ்சம் அதில் இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, அனுசரித்துப் படியுங்கள்.

நமக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய கார் அது. ஆனால் வாங்கி வந்த முதல் வாரம், நான் பிறந்ததே கார் ஓட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன். தறியில் உட்கார்ந்தால் ஒரு இழை அறுந்தாலும் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். மயிரைவிட மெல்லிய பட்டு இழை தெரிகிற கண்ணுக்கு ரோட்டில் போகிற ஆள் தெரியாமல் போவானா என்ற தெம்பு.

இரண்டாவது வாரமே தெரியாமல் போனான். நம் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பினேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், அதில் யாரும் இல்லை. ஆனால் காரை ஒட்டியே, கண்ணாடிக்கு எட்டாத இடத்தில், உங்கள் மாமா பைக்கில் வந்துகொண்டிருந்தார். பிரேக் போட்டு, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேல் சாய்ந்தார். அடி இல்லை. பைக்கில் மாட்டியிருந்த தோசை மாவுப் பாக்கெட்தான் உடைந்து பேண்ட் முழுக்க ஊற்றிவிட்டது.

"இன்னா மாமா, இம்மாம் பெரிய ஆளு பக்கத்துலயே வந்துகினு இருக்கேன், தெரியலையா?"

"கண்ணாடியில நீ இல்லயே, மச்சான்."

"நான் ரோட்டுல இருந்தேன் மாமா. கண்ணாடியில இன்னாத்துக்கு இருக்கணும்?"

அவர் பேண்ட்டைத் துடைக்காமல், அப்படியே மாவோடு நம் வீட்டுக்கு வந்து தன் அக்காவுக்கு எதிரில் நின்றார். "அக்கா, உன் வூட்டுக்காரரு இன்னிக்கு என்னையே தோசையா ஊத்தப் பாத்தாரு."

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "பக்கத்துல வர்ற ஆளு உங்களுக்குத் தெரியற வரைக்கும் எம் பசங்கள அந்தக் கார்ல ஏத்த மாட்டேன். கண்ணமங்கலத்துக்கு நாங்க பஸ்ஸுல போறோம். நீங்க வேணா கார்ல வாங்க, தனியா."

கண்ணமங்கலத்தில் உங்கள் பெரியம்மா வீட்டுக் காதுகுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு காரில் வருகிறோம் என்று நான் அந்த வீட்டில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தேன். காலிக் காரில் நான் போய் இறங்க, என் பெண்டாட்டி பிள்ளைகள் பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? வெட்கம் ஒரு பக்கம். என் வண்டியில் ஏற என் பிள்ளைகளுக்கே பயமாகிவிடுமோ என்பது இன்னொரு பக்கம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டிச் சாமான் கடையில், பக்கக் கண்ணாடிமேல் ஒட்டுகிற வட்டக் கண்ணாடி ஒரு ஜோடி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். பெரிய கண்ணாடியில் விழாத ஆள் இதில் விழுவான் என்றார் கடைக்காரர். எங்கே ஒட்டுவது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சாருக்குத் தெரியாததா" என்றுவிட்டார். நம் ஆரணியில் என்னை யாரும் சார் என்பதில்லை. தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணாடி வந்த அட்டையில் ஒரே ஒரு படம். அதில் ஒரு பக்கக் கண்ணாடி, அதன் வலது கீழ் மூலையில் வட்டம். படத்தில் உள்ளபடியே இரண்டு கண்ணாடியிலும் வலது கீழ் மூலையில் துடைத்து, அழுத்தி, பசை பிடிக்க ஒரு நாள் விட்டேன். எதிரே நின்று பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மறுநாள் பரீட்சை. வைத்தது உங்கள் அம்மா. தெருவில், தறிக்கு ஏற்றப் போகும் நீள நூலைப் பாவாக விரித்திருந்தார்கள். அதைச் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்து காரை வெளியே நிறுத்தினேன். நான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும், கண்ணாடியை மட்டும் பார்க்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் காட்டிக்கொடுக்க உங்களில் சின்னவன் என் ஜன்னலோரம் நின்றான். அம்மா காரின் பின்னாலிருந்து முன்பக்கம் மெதுவாக நடந்து வருவாள்.

முதலில் வலது பக்கம். பெரிய கண்ணாடியை விட்டு அவள் நழுவும்போதே சின்னதில் வந்துவிட்டாள். "தெரியுது, தெரியுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

பிறகு இடது பக்கம். பெரிய கண்ணாடியில் வந்துகொண்டே இருந்தாள், புடவை தெரிந்தது, முழங்கை தெரிந்தது, அப்புறம் ஆளே இல்லை. சின்னதில் பார்த்தால் நம் கார்க் கதவும் அதன் கைப்பிடியும் மட்டும்.

"தெரியறேனா?" என்று குரல் வந்தது.

"தெரியற, தெரியற."

"அப்ப எத்தினி வெரலு காட்டறேன்?"

மனிதர்கள் வழக்கமாக எத்தனை விரல் காட்டுவார்கள் என்று யோசித்து, "மூணு" என்றேன்.

படியில் உட்கார்ந்திருந்த பெரியவள் சிரித்த சிரிப்பில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா முன்னால் வந்து ஜன்னலில் குனிந்தாள். இரண்டு கையாலும் துடைப்பத்தைப் பிடித்திருந்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்களேன். இதுல இன்னா கௌரவம்?"

பிறகு இடது கண்ணாடியைப் பார்த்தாள், காரைச் சுற்றிப் போய் வலது கண்ணாடியைப் பார்த்தாள். "ஏங்க, பொடவைக்கு ரெண்டு கரையையும் இப்படித்தான் ஒரே பக்கம் பாக்கப் போடுவீங்களா?"

இருபது வருஷமாகத் தறியில் உட்காருகிறவன் நான். புடவையில் இடது கரையும் வலது கரையும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பியிருக்க வேண்டும் என்பது தூக்கத்திலும் என் கைக்குத் தெரியும். அந்த அட்டைப் படம் வலது கண்ணாடிக்கு. இடதுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். வலதில் வலது மூலை என்றால் இடதில் இடது மூலை. இரண்டும் காரை விட்டு விலகின, வெளிப்பக்க மூலை. நான் இடதில் ஒட்டியது காரை ஒட்டிய மூலை. அது விசுவாசமாக நம் கார்க் கதவையே காட்டிக்கொண்டிருந்தது.

பிய்த்து எடுப்பதற்குள் படாத பாடு. கத்தியால் நெம்பினால் பெரிய கண்ணாடி விரிசல் விடும் என்று பயம். அம்மா உள்ளே போய்க் கழிவுப் பட்டு நூலை நாலைந்து சேர்த்து முறுக்கிக் கொண்டு வந்தாள். ஆளுக்கொரு முனை பிடித்து, வட்டத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம்போல இழுத்தோம். நெய்யும்போது தொட்டதற்கெல்லாம் அறுகிற நூல் அன்றைக்கு அறுந்துபோகவில்லை. வட்டம் கழன்றது, பசைதான் போய்விட்டது. மறுபடி கடைக்குப் போனால் ஜோடியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவர் சார் என்று சொல்லவில்லை, பழகிய ஆளாகிவிட்டேன் போல. மிஞ்சிய ஒன்றைச் சின்னவன் தன் சைக்கிளில் ஒட்டிக்கொண்டான், என்னைக் கேட்காமலே.

இடது கண்ணாடியில் வெளிப்பக்கக் கீழ் மூலையில் புதிதை ஒட்டி, காயவிட்டு, மறுபடி பரீட்சை. அம்மா நடந்தாள். பெரிய கண்ணாடி அவளை விட்ட இடத்தில் சின்னது பிடித்தது. சின்னது விடுவதற்குள் அவளே என் கடைக்கண்ணில் வந்துவிட்டாள். நீங்களும் எந்த மூலை என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்து, ஒருவரை இப்படி நடக்கச் சொல்லி, நடுவில் ஆள் காணாமல் போகாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள்.

"எத்தினி வெரலு?" என்றாள்.

சின்ன வட்டத்தில் அவள் ஒரு கட்டை விரல் அளவுக்குத்தான் இருந்தாள். கை தூக்கியிருப்பது தெரிந்தது, விரல் தெரியவில்லை. நாலு என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

"வெரல்லாம் தெரியல. நீ நிக்கறது தெரியுது."

அவள் கையை இறக்கினாள். பிறகு, "இப்பதான் ஒழுங்கா பதில் சொல்றீங்க," என்றாள். உங்கள் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம கார்லயே போலாம். போய்ப் படிங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலம் ரோட்டில் எதிரே ஒரு பஸ் அகலமாக வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். பெரிய கண்ணாடி காலி. சின்னதில் ஒரு புள்ளி. புருஷன் பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை, ஒரு மொபெட். ஒதுங்காமல் வேகத்தைக் குறைத்தேன். பஸ்தான் வழிவிட்டது. மொபெட் நம்மைக் கடந்து போய்விட்டது. பின் சீட்டில் நீங்கள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பாத்தியா?" என்றேன் அம்மாவிடம்.

"எத?"

"மொபெட்டு ஒண்ணு பக்கத்துல வந்துச்சு. பாத்து விட்டுட்டேன்."

"போனவங்கள என்னான்ட இன்னாத்துக்குக் காட்டறீங்க? முன்னால பாத்து ஓட்டுங்க."

முன்னால் பார்த்து ஓட்டினேன்.