ஐந்தாவது சென்சார்

தயிரை மோந்து பார்க்காமல் நான் சாப்பிட்டதில்லை. கடைத் தயிர் மட்டுமல்ல, நானே உறை ஊற்றிய தயிரையும்தான். உன் கண்ணுக்கு எல்லாமே திருட்டு என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டியே வீடு. அதில் ஒரு சின்ன அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சேலத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். மூடிய கோழி ஷெட்டுகளின் விசிறிகளை இயக்கும் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். அதன் அடிமட்ட மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். சென்சார்களைப் படிப்பதற்காக அதோடு சேர்க்கும் துண்டு நிரல் மாட்யூல். இவற்றில் மற்றவர்கள் செய்யும் மாற்றங்களை வரி வரியாகப் படித்து, சரி என்றோ கூடாது என்றோ சொல்வது என் வேலை.

மூடிய ஷெட்டில் விசிறி நின்றால் சித்திரை வெயிலுக்குக் கோழி தாங்காது. எங்கள் ஷெட்டிலும் அதே பெட்டிதான் தொங்குகிறது. நான் ஒரு 'சரி'யைத் தப்பாகப் போட்டால் சாவது எங்கள் வீட்டுக் கோழியாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

போன சித்திரையில் சேலத்து சகா ஒருவர் ஒரு மாற்றத்தை அனுப்பினார். ரொம்ப மரியாதையானவர். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நன்றி சொல்வார். அதுவே எனக்கு ஆகாது. இந்த முறை, சின்ன மாற்றம்தான், உங்கள் நேரத்தை வீணாக்காது என்று வேறு எழுதியிருந்தார். சின்ன மாற்றம் என்று யாராவது சொன்னால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

ஒவ்வொரு மாட்யூலோடும் அதன் வகைத் தகவல் சேர்ந்து வரும். எந்தச் சென்சாரின் அளவு நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அது என்ன வகை என்று சொல்கிற விலாசம் அது. விசிறியை இயக்கும் நிரல் அந்த விலாசத்தை நம்பித்தான் வெப்பத்தைப் படிக்கிறது. மாட்யூலின் வகைத் தகவலும் கெர்னலின் வகைத் தகவலும் பொருந்தாவிட்டால் பெட்டி அந்த மாட்யூலை ஏற்காது. அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். ஆள் நின்று விசிறியைக் கையால் போட வேண்டும். சகாவின் மாற்றம் இதைத்தான் தளர்த்தியது: பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு ஏற்றிக்கொள்.

அவர் சொன்ன காரணம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஃபிட்டர்கள் பலர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலிருந்து வந்தவர்கள். எந்த போல்ட்டையும் தட்டிப் பொருத்திப் பழகிய கை. ஒரு பெட்டியில் ஓடுகிற மாட்யூலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மோகனூரிலிருந்து ஆத்தூர் வரை எல்லாப் பெட்டியிலும் போட்டுப் பார்ப்பார்கள். பெட்டி மறுத்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று புகார் வரும். புகாரைக் குறைக்க இதுவா வழி என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் சந்தேகமும் வந்தது. இந்த ஆள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்? அவருடைய பழைய மாற்றங்களையெல்லாம் தோண்டி எடுத்துப் படித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காததும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டிலும் அந்த வாரம் ஏதோ சரியில்லை. கணவர் போன் வந்தால் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். காலையில் ஷெட்டிலிருந்து செத்த கோழிகளை எடுத்துப் போய்க் குழியில் போடுவதைப் பார்த்தேன். கேட்டால் வெயில் என்றார். தீவனத்தில் கலப்படம் என்று நான் நினைத்தேன். தீவனக்காரரின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மாற்றத்துக்குச் சாட்சி கேட்டேன். நிஜமான பண்ணையில் ஓட்டிப் பார்த்த பதிவு வேண்டும் என்று எழுதினேன். மறுநாளே வந்துவிட்டது. பண்ணையின் பெயர் இல்லை. ஒரு ஷெட்டில் நான்கு சென்சார்கள் இருக்கும்; நடு ஷெட்டில் தொங்கும் நான்காவது சொல்வதைக் கேட்டுத்தான் விசிறி ஓடும். பதிவில் முதல் மூன்றும் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டியிருந்தன. நான்காவது இருபத்தைந்து. காற்றை நனைத்துக் குளிர்விக்கும் கூலிங் பேட் அருமையாக வேலை செய்கிறது என்று சகா குறிப்பு எழுதியிருந்தார்.

நாமக்கல் பக்கம் சித்திரையில் நடு ஷெட்டு இருபத்தைந்தா? புளுகு என்று முடிவு கட்டினேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பதிவை முழுவதும் கீழே வரை படித்தேன். காலையில் நான்காவது எண் உயரத்தில் இருந்தது. ஒன்பதரைக்கு மேல் மளமளவென்று இறங்கியது. சாப்பாட்டு நேரத்தில் ஏறி, மறுபடி இறங்கியது. நடுவில், பதினோரு மணி வாக்கில், ஒரு சின்ன மேடு.

அந்த மேட்டை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அண்ணாந்து ஏசியைப் பார்த்தேன். பதிவில் இருந்த அந்த நாளில், பதினோரு மணி வாக்கில்தான் ஏசியை அணைத்து அதன் ஃபில்டரைக் கழுவி மாட்டினேன்.

ஏசிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சென்சார் இருந்தது. எங்கள் பெட்டியில் காலியாக இருந்த ஐந்தாவது இடத்திலிருந்து கணவர் ஒயர் இழுத்து என் அறையில் மாட்டியது. அறை குளிர்ந்திருந்தால் நான் வேலையில் இருக்கிறேன், கூப்பிடக் கூடாது என்று ஷெட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்வாராம். வேவு பார்க்கிறாரோ என்று அப்போது அதையும் சந்தேகப்பட்டேன்.

எங்கள் ஷெட்டில் புதிதாக மாட்டிய பெட்டியின் கெர்னலில், வரிசையின் முன்னால் ஒரு விவரம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. பழைய விலாசத்தோடு வந்த மாட்யூல் பழைய இடங்களில் எழுத, கெர்னல் புதிய இடங்களில் படித்ததால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது. நான்கு என்று காட்டியது ஐந்து. வேறு பண்ணையாக இருந்தால் ஐந்தாவது இடம் வெறுமையாக இருந்து, நான்கில் பூஜ்யம் விழுந்து, அலாரம் அடித்திருக்கும். எங்கள் பண்ணையில் மட்டும் அங்கே என் அறை இருந்தது. நான் ஜில்லென்று உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், ஷெட்டு குளிர்ந்துவிட்டது என்று பெட்டி விசிறிகளை நிறுத்தியிருக்கிறது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஓரத்தில் ஒரு விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டு கூண்டாகக் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையைத் தளர்த்தி மூச்சு வாங்கின. கணவர் நடுவில் நின்று குழாயால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எல்லா ஃபேனையும் கையால போடுங்க. பொட்டிய நம்பாதீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். குழாயைக் கீழே விட்டுவிட்டுப் போய்ப் போட்டார். விசிறிகள் ஒவ்வொன்றாக இரைச்சலோடு கிளம்பின. நடு வரிசையில் சில கோழிகள் அதற்குள் சாய்ந்துவிட்டன. நான் அழுதேன். அவரைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பெட்டியை மாற்றிய நாளில் ஃபிட்டர் பென்டிரைவிலிருந்த பழைய மாட்யூலையே போட, அன்றிலிருந்து ஓயாமல் அலாரம் அடித்திருக்கிறது; மூடிய ஷெட்டின் விசிறி இரைச்சலைத் தாண்டி அது வீடு வரை கேட்கவில்லை. நான் சேலத்துக்கு மீட்டிங் போன அன்று ஃபிட்டர் வந்து, இந்த மாற்றத்தைச் சோதனையாகப் போட்டு ஓட வைத்திருக்கிறார். வேப்பமரத்தடிப் பேச்செல்லாம் அவரோடுதான்; விசிறி ஏன் நிற்கிறது என்று கேட்டபோதெல்லாம், பெட்டி பார்த்துக்கொள்ளும், கை வைக்காதீர்கள் என்றிருக்கிறார். பதிவையும் அவர்தான் எடுத்துப் போயிருக்கிறார்.

"என்றகிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொன்னா வேண்டாமுன்னுவே அம்மிணி. நீ வேண்டாமுன்னா அப்பறம் ஒருத்தரும் பேச முடியாது. அந்தச் சத்தத்துல கோழி முட்டை வெக்கல. நான் என்ன பண்றது?"

சேலத்து மனிதரின் பழைய வரிகளையெல்லாம் தோண்டிய நான், பக்கத்தில் படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. அந்த வருத்தம் கோழிகள் செத்த வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மாற்றத்துக்குக் கீழே 'கூடாது' என்று எழுதிக் காரணத்தையும் எழுதினேன். சகா நன்றி எதுவும் சொல்லாமல், எந்தப் பண்ணை என்று மட்டும் கேட்டார். என்னுடையது என்றேன். அது என் பண்ணை என்று அவருக்கு முன்பே தெரியாது என்பதை முக்கால்வாசி நம்புகிறேன்.

சோதனை மாற்றத்தையும் பழைய மாட்யூலையும் எடுத்துவிட்டுச் சரியானதை நானே போட்டேன். அலாரம் அடிக்கவில்லை. கணவர் ஏணி போட்டு ஏறி என் அறைச் சென்சாரைக் கழற்றினார். இனி நான் வேலையில் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். கதவைத் தட்டுங்கள் என்றேன்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. என்ன என்றேன். ஒன்றுமில்லை, சும்மாதான் தட்டிப் பார்த்தேன் என்றார்.

நான் எழுந்து போய், ஷெட்டில் விசிறிகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தேன்.