பாவில் உட்கார்ந்த நெட்டையும் குட்டையும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு. என் மகளின் கல்யாணப் புடவைக்கான பட்டுப் பாவை, அதாவது நீள இழைகளை, காலையிலேயே தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்று, கிளீனராக லாரி ஏறி, இன்று ஆறு லாரிக்கு முதலாளியான நான் நேரில் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

பாவின் மேல் இரண்டு வெட்டுக்கிளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று நெட்டை. கூம்பு முகம், கோரைத் துண்டுபோல் உடம்பு. மற்றது குட்டை. மொட்டை முகம், கோழித்தொடைபோல் பின்தொடை. இரண்டும் வெட்டுக்கிளிதான் என்றால் நம்ப முடியவில்லை.

நெட்டையைப் பிடிக்கப் போகிறேன். நெசவு செய்யும் கஸ்தூரியம்மா தடுக்கிறார்.

"அது தானா பூடும் பெரியவரே. குட்டையைப் பாருங்க, கால் முள்ளு இழையில மாட்டிக்கினு இருக்குது. ஒதைச்சா இழை அறுந்துடும்."

"எத்தனை எஞ்சினைப் பிரிச்ச கைம்மா இது!"

குட்டையின் பின்தொடையைப் பிடிக்கிறேன். அது காலையே கழற்றிவிட்டுத் தாவி ஓடுகிறது. தொடை என் விரலில், முள் இன்னும் இழையில்.

"எஞ்சினைப் பிரிக்கச் சொன்னா சக்கரத்தைக் கழட்டிட்டீங்களேப்பா!"

சிரித்துக்கொண்டே முட்களை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார். இழையைத் தடவிப் பார்க்கிறார். அறுபடவில்லை. நெட்டையோ பாவின் மேல் மெதுவாக நடந்து, ஓரத்துக்குப் போய்ப் பறக்கிறது.

ரம்பம் போன்ற அந்தக் காலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். புடவையைக் காப்பாற்றியது யார் என்று மகளுக்குச் சொல்ல வேண்டாமா?