ஜெயசீலன் கடை மாடியில் ஓடும் போர்டு

முதலில் ஒரு திருத்தம். எனக்கும் ஜெயசீலனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று நேற்று மாலையிலிருந்து இந்தக் குரூப்பில் சிலர் எழுதியிருக்கிறீர்கள்.

தவறு. நாங்கள் பேசாத வாரம் கிடையாது... ஒத்துப்போன வாரம்தான் கிடையாது.

ஜெயசீலன் போய்விட்டார். நேற்றுக் காலை ஆராதனைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேனி பஜாரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருந்தவர். நம்மில் பாதிப் பேரிடம் இருக்கும் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு அவர் கடை வழியாக வந்ததுதான்.

கணவர் காலமான பிறகு பொழுது போகாமல் நான் இதில் இறங்கியதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் தவறு.

சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் ஈரம் ஏறினால், இலையில் நோய் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் போர்டு கேட்டுப் போனேன்.

முதல் நாளே வாக்குவாதம். நான் கேட்டது நல்ல பெயருள்ள போர்டு, நான்கு ஜிபி, ஒழுங்காக எழுதிய கையேட்டோடு.

"ஏக்கா, தோட்டத்து ஈரத்தப் பாக்க நாலு ஜிபியா? ஈரம் என்ன சினிமாவா காட்டப்போகுது? அரை ஜிபி போதும்க்கா."

"கையேடு இல்லாத சாமான நான் வாங்குறதில்ல."

"நான் இருக்கேன்ல, கையேடு எதுக்கு?"

"கையேடு ஆளுக்கொரு மாதிரி பேசாது, ஜெயசீலன்."

சிரித்துக்கொண்டே நான் கேட்டதையே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அக்கா மாட்டுவண்டிக்கு விமான எஞ்சின் வாங்கிட்டுப் போறாக" என்று அன்றைக்கே குரூப்பில் எழுதினார். படித்தேன். பதிலும் எழுதினேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. போர்டு நின்று நின்று போகிறது என்று யார் அழுதாலும், "மொதல்ல அந்த போன் சார்ஜரக் கழட்டுங்க" என்பார். மிகச் சரி, போன் சார்ஜர் தரும் கரண்ட் போர்டுக்குப் போதாது.

பிறகு அந்த முறுக்கு டப்பா...

ஒரு மழைக்காலத்தில் புதிதாக வந்த ஒரு போர்டை அவர் கிழித்துத் தொங்கவிட்டார். வைஃபை பக்கத்து அறைக்குக்கூட எட்டவில்லை, யாரும் வாங்காதீர்கள் என்று தினம் ஒரு பதிவு.

அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலி கடிக்காமல் இருக்க, போர்டை எவர்சில்வர் முறுக்கு டப்பாவுக்குள் வைத்து இறுக மூடியிருந்தார். 'மூடியைத் திறந்து பாருங்கள்' என்று ஒரு வரி மட்டும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் போன்.

"அக்கா... சிக்னல் வந்துருச்சு."

"வரும்."

"ஆயுசு பூரா டிவி ஏரியல் வித்தவன்க்கா நான். இத குரூப்ல போட்றாதீக."

"நான் எதுக்குப் போடுறேன்?"

மறுநாள் காலை அவரே போட்டார், டப்பாவின் படத்தோடு. 'போர்டு நல்ல போர்டு. டப்பாவுக்குள்ள இருந்தது என் மூளை.'

எழுத்தில் சொன்ன அபிப்பிராயத்தை எழுத்திலேயே திரும்பப் பெற்றவர். என் அனுபவத்தில் அப்படி அதிகம் பேர் இல்லை.

இன்று காலை குரூப் சாட்டில் அவர் பெயரில் 'தேனி. மழை இல்லை' என்று வந்ததைப் பார்த்து இருவர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தீர்கள். பேய் இல்லை. போர்டு.

கடை மொட்டைமாடியில், ஒரு தகரத்துக்குக் கீழே, முதல் நாள் எனக்குப் போதும் என்றாரே, அதே மாதிரி பெயர் தெரியாத ஒரு அரை ஜிபி போர்டு மழைமானியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் அதுவாகவே செய்தி அனுப்பும்.

அதை வைத்து எங்களுக்குள் ஒரு பந்தயம். தேனி வெயிலில், தகரத்தடியில், ஐந்து கோடை தாங்கும் என்றார். தாங்காது என்றேன்.

"தோத்தவுக சொந்தப் பேர்ல, நான் சொன்னது தப்புன்னு குரூப்ல எழுதணும். சரியாக்கா?"

"சரி. தப்புக்கு என்ன காரணம்னும் எழுதணும்."

"அது வேறயா..."

நான்கு கோடை தாங்கிவிட்டது. வரப்போவது ஐந்தாவது.

நேற்று துக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் கிறிஸ்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைய ஒழிச்சு வாடகைக்கு விடப்போறோம் அத்தை. மாடியில கிடக்குறதயும் சேத்து மொத்தமா ஒருத்தர்ட்ட குடுத்துர்றோம்" என்றாள். அங்கே கூட்டத்தில் வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள், இங்கே சொல்கிறேன்.

கிறிஸ்டி, கடையை வாடகைக்கு விடுங்கள், சாமான்களைக் கொடுத்துவிடுங்கள். அந்த போர்டை மட்டும் அக்னி நட்சத்திரம் முடியும்வரை அதே தகரத்தடியில் ஓட விடுங்கள். கரண்டும் வைஃபையும் என் பொறுப்பு.

தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடாதே. எங்கள் பந்தல் நிழல் குளுகுளுவென்று இருக்கும். அங்கே எந்த போர்டும் தாங்கும்.

கோடையில் அதுவாகவே நின்றால், நான் சொன்னது சரி. பிளக்கைப் பிடுங்கி நிறுத்தினால் அது வெற்றி ஆகாது, எனக்கு அப்படி ஒன்று வேண்டாம்.

கோடை முழுக்க ஓடிவிட்டால் என் பெயரில், காரணத்தோடு, எழுதுவேன். இப்போதே மனதுக்குள் இரண்டு வாக்கியம் எழுதிப் பார்த்துவிட்டேன்... மோசமாக இல்லை.

நிம்மதியாக இருங்கள், ஜெயசீலன்.

கிறிஸ்டி, அவசரம் இல்லை. அடக்கம் முடியட்டும், வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பட்டும். அதன் பிறகு, போர்டை ஓட விடலாமா கூடாதா என்று இந்தப் பதிவுக்குக் கீழேயே எழுது. போன் வேண்டாம், எழுத்தில் பதில் தா.